கைத்தொலைபேசியின் உள்ளே ஒரு சரித்திரம்

மக்களின் அன்றாட வாழ்வையே மாற்றிவிடும் ஒரு கருவி தோன்றும்போது, அதனைப் படைத்தவர் யார் என்ற கேள்வி எழுவது இயல்பு. கைத்தொலைபேசியைப் பொறுத்தமட்டில் இக்கேள்விக்கு நமது காலம் வழங்கியுள்ள விடை மிக எளிமையானது. 2007ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சான் பிரான்சிஸ்கோ நகரிலே, அப்பிள் கம்பனியின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் மேடையேறி, கையிலிருந்த ஐபோனை உயர்த்திக் காட்டினார், சபையினர் ஆரவாரித்தனர். ஒரு மேதை, ஒரு கம்பனி, ஒரு நாள் என்று அமைந்த இக்கதையை நமது மாணவரும் அறிவர். புராணங்களிலே தேவர்கள் கையில் ஆயுதம் திடீரெனத் தோன்றுவது போன்ற கதைதான் இது.

சரித்திரத்தை விஞ்ஞான நோக்கில் அணுக விரும்புவோர் வேறொரு வழியைக் கைக்கொள்ளல் வேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அதனுள்ளே பற்றரி உண்டு, வானொலி உண்டு, கணிக்கும் சில்லு உண்டு, நினைவகம், திரை, கமெரா ஆகியனவும் உண்டு. ஒவ்வொன்றும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு தசாப்தத்தில், வெவ்வேறு தேவையின் பொருட்டுப் பிறந்தது. தம்முள் எத்தொடர்பும் இல்லாதிருந்த இவ்வுறுப்புகள் எவ்வாறு ஒன்றையொன்று நம்பி வாழக் கற்றுக்கொண்டன? அவ்வாறு சேர்த்துவைத்த உழைப்பு யாருடையது? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கருத்துகள், ஒரே மாதம்

1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே மோட்டார் வாகனங்களில் தொலைபேசி பொருத்தப்பட்டது. அதன் கருவித்தொகுதி ஏறத்தாழ 36 கிலோகிராம் நிறையுடையது; வாகனத்தின் பின்பெட்டியை அதுவே நிறைத்துக்கொண்டது. நகர் முழுவதற்கும் உயர்ந்த வானலைக் கம்பம் ஒன்று. அதற்குரிய அலைவரிசைகளோ மிகச் சில. ஒரே வேளையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே பேச முடிந்தது.

இத்தடையை நீக்கும் இரு கருத்துகள் அடுத்த ஆண்டிலேயே, பெல் ஆய்வுகூடம் என்ற ஒரே நிறுவனத்தில், டிசெம்பர் என்ற ஒரே மாதத்தில் தோன்றின. நகரைச் சிறு கலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கலத்துக்கும் வலுக்குறைந்த ஒரு கம்பத்தை நாட்டினால், ஓரிடத்திற் பயன்படும் அலைவரிசையைச் சற்றுத் தொலைவிலே மீளவும் பயன்படுத்தலாம் என்று டக்ளஸ் றிங் என்ற பொறியியலாளர் தமது குறிப்பொன்றில் எழுதினார். ஜோன் பார்டீன், வோல்ற்றர் பிராட்டெய்ன் ஆகிய இருவரும் வில்லியம் ஷொக்லியின் குழுவிலே திரான்சிஸ்டரை இயக்கிக் காட்டியதும் அம்மாதத்திலேதான்.

பெல் ஆய்வுகூடம் தனியார் சொத்தெனினும், அதனைப் போஷித்தது நாடு முழுவதன் தொலைபேசிக் கட்டணத்தையும் ஏகபோகமாக அறவிட்ட ஒரு கம்பனி என்பதை நாம் மறத்தலாகாது. 1956இல் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கு இணக்கத்தில் முடிந்தபோது, அதுவரை பெற்ற காப்புரிமைகளை ரோயல்டியின்றிப் பிறருக்கு வழங்க அக்கம்பனி கட்டுப்பட்டது. திரான்சிஸ்டர் உலகெங்கும் பரவியமைக்கு அதன் சிறப்பைப் போலவே இத்தீர்வும் காரணமாயிற்று.

இத்தனை இருந்தும், 1973ஆம் ஆண்டு ஏப்ரில் 3ஆம் நாள்தான் மோட்டரோலாக் கம்பனியின் மார்ட்டின் கூப்பர் நியூயோர்க் வீதியில் நின்று முதலாவது கைத்தொலைபேசி அழைப்பை மேற்கொண்டார். மறுமுனையில் இருந்தவர் போட்டி நிறுவனமான பெல் ஆய்வுகூடத்தின் ஜோயல் ஏங்கல். கருத்துக்கும் கருவிக்குமிடையே கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி! 1983இல் அக்கருவி சந்தைக்கு வந்தபோது அதன் விலை 3,995 டொலர். நிறை ஏறத்தாழ 790 கிராம். பற்றரிக்குப் பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரை மணி நேரம் பேசலாம். கைத்தொலைபேசியின் பிற்காலச் சரித்திரம் முழுவதும் இவ்வரை மணி நேரத்தை எதிர்த்து நடந்த போராட்டமே எனலாம்.

ஒரு சொல்லின் பயணம்

அப்போராட்டத்தின் பெரும் வெற்றி ஜி.எஸ்.எம். எனப்படும் ஐரோப்பிய முறையாகும். 1982இல் ஐரோப்பிய நாடுகளின் தபால் தந்தித் திணைக்களங்கள் கூடி இதற்கென ஒரு குழுவை அமைத்தன. நாட்டுக்கு நாடு ஒவ்வாத கருவிகளை விற்றுக்கொண்டிருந்த சந்தையினால் ஆகாத காரியத்தை, பொதுத்துறை நிறுவனங்கள் மேசையைச் சுற்றியமர்ந்து தீர்மானித்த பொது நியமம் ஆக்கிற்று. 1987இல் 13 நாடுகள் கொப்பன்ஹேகனில் ஒப்பமிட்டன. 1991 யூலை 1ஆம் நாள் பின்லாந்திலே முதல் அழைப்பு எடுக்கப்பட்டது.

இந்த முறையின்படி இயங்கிய ஒரு தொலைபேசியில் நாம் ஒரு சொல்லை உச்சரித்தால் உள்ளே நிகழ்வது யாது?

ஒலிவாங்கி குரலை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றும். அதனை ஒரு சுற்று செக்கனுக்கு 8,000 தடவை அளந்து எண்களாக்கும். அவ்வெண்களை அப்படியே அனுப்புவதாயின் வானவெளி போதாது. ஆகவே கணிக்கும் சில்லு குரலை 20 மில்லிசெக்கன் கொண்ட துண்டுகளாக நறுக்கும். ஒவ்வொரு துண்டிலும் தொண்டையும் வாயும் எவ்வாறு அதிர்ந்தன என்பதை மட்டும் கணித்து, 260 துவித இலக்கங்களில் சுருக்கும். அனுப்பப்படுவது குரலன்று, மறுமுனையிலே அக்குரலை மீள ஆக்குவதற்கான குறிப்பே.

இவ்வாறு சிக்கனமாகச் சுருக்கிய பின், அதே சில்லு அந்த 260 இலக்கங்களை 456 ஆகப் பெருக்குகிறது. இது ஊதாரித்தனம் போலத் தோன்றலாம். வழியிலே இடையூறு நேருமென்பது முன்னரே தெரிந்ததாகையால், இழந்ததை மீட்பதற்கு வேண்டிய மேலதிக இலக்கங்கள் சேர்க்கப்படுகின்றன. குரலுக்கு இன்றியமையாத இலக்கங்களுக்குக் கூடிய காப்பு. ஏனையவற்றுக்குக் குறைந்த காப்பு. பின்னர் 456உம் எட்டுக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு வேளைகளில் அனுப்பப்படும். ஒரு கூறு அழிந்தாலும் சொல் முழுவதும் அழியாது. ஒரே வள்ளத்தில் முழு நெல்லையும் ஏற்றாத வணிகனின் விவேகம் இதுவாகும்.

இனி வானொலிப் பகுதியின் முறை வருகிறது. ஒரே அலைவரிசையை எட்டுத் தொலைபேசிகள் பகிர்ந்துகொள்ளும். 4.6 மில்லிசெக்கன் கொண்ட ஒரு சுற்றிலே, ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிசெக்கனுக்குச் சற்று அதிகமான நேரமே கிடைக்கும். அக்கணத்துள் மின்விரிவாக்கி விழித்தெழுந்து, தனது பங்கை உரத்துச் சொல்லிவிட்டு அடங்க வேண்டும். பழைய தொலைபேசியை வானொலிப் பெட்டியின் அருகே வைத்தபோது 'டிர்ர்… டிர்ர்…' என்று எழுந்த இரைச்சல் பலருக்கு நினைவிருக்கும். அது மின்விரிவாக்கி செக்கனுக்கு 217 தடவை விழித்து உறங்கிய ஓசையே.

இந்த ஒழுங்கு குலையாதிருக்க ஒரு பொதுக் கடிகாரம் வேண்டும். தொலைபேசியினுள் அதிரும் சிறு குவாட்ஸ் பளிங்கே அக்கடிகாரம். மலிவான பளிங்கு வெப்பத்தால் வழுவும்; ஆகவே அது கம்பத்திலிருந்து வரும் அலையைக் கேட்டுத் தன்னை இடையறாது திருத்திக்கொள்ளும். கம்பம் 30 கிலோமீற்றர் தொலைவிலிருப்பின் வானலை அதனை அடைய ஒரு மில்லிசெக்கனின் பத்திலொரு பங்கு செல்லும். எனவே தொலைவிலிருப்பவர் சற்று முந்தியே தொடங்கவேண்டுமெனக் கம்பம் கட்டளையிடும். அருகிலிருப்பவரிடம் 'மெல்லப் பேசு' என்னும். தனது முறை வராத வேளைகளில் தொலைபேசி அயற் கம்பங்களின் வலுவை அளந்து, ஏறத்தாழ அரைச் செக்கனுக்கு ஒருமுறை அறிக்கை அனுப்பும். ஓடும் புகைவண்டியில் பேச்சு அறாமல் ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்குச் செல்வது இவ்வறிக்கைகளின் பயனே.

உறுப்புகளின் ஒத்துழைப்பு என்பது, ஒவ்வொன்றும் பிறிதொன்றின் குறைபாட்டை அறிந்து அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்வதாகும் என்பதை இங்கே காண்கிறோம். பளிங்கு வழுவும் என்பதைக் கம்பம் அறியும். வானவெளி சிதைக்கும் என்பதைச் சில்லு அறியும். பற்றரி சிறியது என்பதை யாவும் அறியும்.

உறக்கத்தின் பொருளாதாரம்

இச்சிறு பற்றரியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். ஸ்டான்லி விற்றிங்ஹாம் 1970களில், எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், எக்சன் எண்ணெய்க் கம்பனியின் ஆய்வுகூடத்தில் இலிதியம் மின்கலத்தை அமைத்தார். கம்பனி பின்னர் அதனைக் கைவிட்டது. 1980இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் குட்இனஃப் கோபாற்று ஒட்சைட்டைப் பயன்படுத்தி மின்கலத்தின் அழுத்தத்தைப் பெருக்கினார். அதற்குக் காப்புரிமை பெற அப்பல்கலைக்கழகம் முன்வரவில்லை. யப்பானிய விஞ்ஞானி அக்கிரா யொஷினோ 1985இல் அதனைப் பாதுகாப்பான கலமாக்கினார்; 1991இல் சோனிக் கம்பனி விற்பனையைத் தொடக்கியது. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்பின் இலாபம் சேர்ந்த இடம் வேறு.

சேமிக்கும் பக்கத்தில் இவ்வெற்றி. செலவழிக்கும் பக்கத்திலோ நமது ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு கதை உண்டு. 1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான பி.பி.சி., பொதுமக்களுக்குக் கணினியறிவு புகட்டும் இயக்கமொன்றை நடத்தியது. அதற்கான கணினியை ஏக்கோர்ன் என்ற சிறு நிறுவனம் செய்தது. அரச உதவியுடன் அந்நாட்டுப் பாடசாலைகள் அதனை வாங்கின. அவ்வருவாயைக் கொண்டே சோபி வில்சன், ஸ்டீவ் ஃபேர்பர் ஆகிய இருவரும் ஒரு புதிய சில்லை வரைந்தனர். பெரும் கம்பனிகளிடமிருந்த ஆளணியும் பணமும் அவர்களிடம் இல்லை. ஆதலின் வடிவமைப்பு எளிமையாயிருந்தது. மலிவான பிளாஸ்டிக் உறையில் அடக்க வேண்டியிருந்தமையால் சில்லு சூடேறவும் கூடாது.

1985 ஏப்ரில் 26ஆம் நாள் சில்லு வந்து சேர்ந்தது, பொருத்தியதும் இயங்கிற்று. அது கொள்ளும் மின்னை அளந்தபோது மானி சுழியத்தைக் காட்டியது. ஆராய்ந்தால், மின்வழங்கும் இணைப்பே கொடுபட்டிருக்கவில்லை. பிற சமிக்ஞைக் கம்பிகளின் வழியே கசிந்த மின்னைக் கொண்டே சில்லு இயங்கிக்கொண்டிருந்தது! ஆர்ம் எனப்படும் அக்குடும்பத்தின் வழிவந்த சில்லுகளே இன்று ஏறத்தாழ எல்லாக் கைத்தொலைபேசிகளிலும் உள்ளன. பாடசாலைக்காகப் பிறந்த சிக்கனம் சட்டைப் பையை வந்தடைந்தது.

நவீன தொலைபேசியிலே பயனுக்குரிய செயல்களைப் புரியும் முதன்மைச் சில்லும், வானொலியை ஆளும் சில்லும் வெவ்வேறாக அல்லது ஒரே தகட்டின் வெவ்வேறு பகுதிகளாக அமைந்திருக்கும். முன்னது பெரும்பாலும் உறங்குகிறது. பின்னதும் உறங்கும், ஆயின், கம்பம் தன்னை அழைக்கிறதா என்று குறித்த இடைவெளிகளில் எழுந்து கேட்டுவிட்டு மீண்டும் உறங்கும். அழைப்பு உண்டெனில் முதன்மைச் சில்லை எழுப்பும். அது திரையை எழுப்பும். மின்பகிர்வுச் சில்லு எவ்வெவ் உறுப்புக்கு எவ்வளவு அழுத்தம், எவ்வெவ் உறுப்புக்கு எதுவுமில்லை என்பதைக் கணந்தோறும் நிர்ணயிக்கும். 1971இல் வந்த இன்டெல் 4004 சில்லில் 2,300 திரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய தொலைபேசிச் சில்லுகள் சிலவற்றில் ஆயிரம் கோடிக்கு மேல் உள்ளன. இத்தனையும் ஒருசேர விழித்திருந்தால் அந்தப் பெட்டியைக் கையால் தொட முடியாது.

பொதுப் பணமும் போர்த் தேவையும்

ஏனைய உறுப்புகளின் பிறப்பையும் சுருக்கமாக நோக்குவோம். பல திரான்சிஸ்டர்களை ஒரே தகட்டில் அமைக்கும் முறையை 1958இல் ஜக் கில்பியும் 1959இல் றொபேர்ட் நொய்சும் தனித்தனியே கண்டனர். விலை உச்சத்தில் இருந்த முதற் சில ஆண்டுகளில் அச்சில்லுகளை ஏறக்குறைய முழுமையாகக் கொள்வனவு செய்தவை அமெரிக்க அரசின் ஏவுகணைத் திட்டமும் விண்வெளித் திட்டமுமே. விரல் தொட்டால் மாறும் கொள்ளளவத்தை உணரும் திரையை 1965இல் ஈ. ஏ. ஜோன்சன் விவரித்தது, இங்கிலாந்தின் மல்வேர்ணிலிருந்த அரச றேடார் நிலையத்திலாகும். அறை வெப்பநிலையிலே நிலைத்து நிற்கும் திரவப் பளிங்குகளை 1970களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் கிறே ஹல் பல்கலைக்கழகத்தில் ஆக்கியது, பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் நிதியிலாகும். சிறு மின்னில் இயங்கும் கமெராச் சில்லு, 1990களில் எரிக் ஃபொசம் குழுவினரால் நாசாவின் ஆய்வுகூடத்தில் விண்கலங்களுக்கென உருவாக்கப்பட்டது. இடங்காட்டும் செய்மதிகளை 1978 முதல் ஏவியது அமெரிக்க இராணுவம்.

மின் நின்றபின்னும் நினைவை இழக்காத சில்லை 1980களில் தொஷிபாக் கம்பனியில் கண்டுபிடித்தவர் ஃபுஜியோ மசுவொக்கா. தமது பங்கைக் கேட்டு அவர் 2004இல் அக்கம்பனிமீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2006இல் 87 மில்லியன் யென்னுக்கு இணக்கம் ஏற்பட்டது. விஞ்ஞானியும் கூலி பெறும் உழைப்பாளியே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மரியானா மட்சுகாட்டோ என்ற பொருளியலறிஞர் 2013இல் வெளியிட்ட நூலொன்றில், இத்தகைய தொழில்நுட்பங்களின் பின்னே அரச முதலீடு இருந்தமையை எடுத்துக்காட்டினார். அது பயனுள்ள பணி. எனினும் மேதையின் இடத்தில் அரசை இருத்துவதோடு ஆராய்ச்சி முற்றுப்பெறாது. பொதுப் பணத்தைக் கொடுத்த மக்களுக்கு அதனைப் போருக்கு ஆக்குவதா வாழ்வுக்கு ஆக்குவதா என்று தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. அன்றியும், வரைபடம் தானாகப் பொருளாவதில்லை.

கைகள்

1960களின் தொடக்கத்திலேயே ஃபெயார்சைல்ட் கம்பனி தனது சில்லுகளுக்குக் கம்பி பொருத்தும் வேலையை ஹொங்கொங்குக்கு மாற்றியது. கூலிக் குறைவே காரணம். 1965இல் நியூ மெக்சிக்கோவிலுள்ள ஷிப்றொக் என்ற இடத்தில், நவஹோ பழங்குடிப் பெண்களை வேலைக்கமர்த்தி ஒரு தொழிற்சாலையை அது தொடங்கியது. கம்பளம் நெய்யும் அப்பெண்களின் விரல்கள் சில்லு வேலைக்கு இயல்பாகவே பொருந்தியவை எனக் கம்பனியின் பிரசுரம் புகழ்ந்தது. திறமையை 'இயல்பு' என்று அழைத்துவிட்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை! ஆட்குறைப்பை எதிர்த்து 1975இல் அத்தொழிற்சாலை முற்றுகையிடப்பட்டது. கம்பனி அதனை மூடிவிட்டுச் சென்றது.

முப்பது ஆண்டுகளின் பின் அதே நாடகம் தமிழ் மண்ணில் அரங்கேறிற்று. 2006இல் சென்னைக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் நொக்கியாக் கம்பனியின் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சிறு ஊர்களிலிருந்து வந்த இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே பணிபுரிந்தனர். ஒலிவாங்கியும் திரையும் பற்றரியும் ஒன்றையொன்று சந்தித்தது அவர்கள் விரல்நுனியிலேதான். கம்பனி தனது கைத்தொலைபேசித் துறையை 2014இல் மைக்ரோசொஃப்டுக்கு விற்றது. வரித் தகராறினால் ஸ்ரீபெரும்புதூர் அவ்விற்பனையில் அடங்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. வடிவமைப்பும் காப்புரிமையும் வணிகப் பெயரும் எல்லை கடந்து சென்றன. உழைத்தவர்கள் தெருவில் நின்றனர்.

2010இல் சீனாவின் ஷென்சென் நகரிலே, உலகின் தொலைபேசிகளைக் கோத்த ஃபொக்ஸ்கொன் தொழிற்சாலையில் இளந்தொழிலாளர் பலர் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டபோது, நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. அதே கம்பனியின் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைப் பெண்கள் விடுதியில் 2021 டிசெம்பரில் உணவு நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் கதி அறியாத பெண்கள் இரவோடிரவாகப் பெருந்தெருவில் அமர்ந்து மறியல் செய்தனர். தொழிற்சாலை சில வாரங்கள் மூடப்பட்டது. அவர்கள் நின்றதும் உற்பத்தி நின்றது என்ற உண்மையை உலகம் அன்று சற்றே உணர்ந்தது.

பற்றரியின் கோபாற்று எங்கிருந்து வருகிறது? அண்மைக் காலத்தில் உலகம் அகழ்ந்த கோபாற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொங்கோவிலிருந்து வந்தது. கொல்வேசி முதலிய அச்சுரங்கப் பகுதிகள் பழைய கட்டங்கா மாகாணத்தைச் சேர்ந்தவை. பெல்ஜிய சுரங்க முதலாளிகளின் ஆதரவுடன் கொங்கோவிலிருந்து பிரிக்கப்பட்ட அதே கட்டங்காவில்தான் 1961 ஜனவரியில் பட்ரிஸ் லுமும்பா கொலையுண்டார். அங்கே சிறுவர்களும் கையால் தாதுப்பொருளைத் தோண்டிச் சுமப்பதைச் சர்வதேச மன்னிப்புச் சபை 2016இல் ஆவணப்படுத்தியது. உள்ளே மின்னைச் சிக்கனமாகச் செலவிட ஆயிரம் வழி கண்ட அறிவு, வெளியே மனித உயிரைச் செலவிடுவதிலே சிக்கனம் பேணவில்லை.

மூடிய பெட்டி

முதலாளித்துவப் போட்டி இக்கருவியின் விலையைக் குறைத்துச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்ததென்று சிலர் வாதிப்பர். அதில் உண்மை உண்டு. மலையகத் தோட்டத் தொழிலாளியும் வடபுலத்து மீனவரும் கடல் கடந்த பிள்ளைகளோடு பேசக்கூடியதாயிருப்பது அற்ப விடயமன்று. ஆனால் ஏழு கடலுக்கப்பாலுள்ள கருவிகளையும் இணைத்தது போட்டியன்று. தபால் திணைக்களங்கள் வகுத்த பொது நியமமே என்பதையும் கூறத்தான் வேண்டும். உற்பத்தி உலகளாவிய சமூகச் செயலாகிவிட்டது. உடைமை சில கம்பனிகளுடையதாகவே நிற்கிறது. இம்முரண்பாட்டின் வெளித்தோற்றம் கைத்தொலைபேசியின் உடலிலேயே தெரிகிறது. ஒரு காலத்தில் நகத்தால் திறந்து பற்றரியை மாற்றினோம்; பின்னர் வந்தவை பசையால் ஒட்டி மூடப்பட்டன. பற்றரி தளர்ந்தால் முழுக்கருவியையும் எறிந்துவிட்டு வேறொன்றை வாங்கவேண்டிய நிலை தோன்றியது. வாங்கியவரே பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதாயிருத்தல் வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டமியற்ற நேர்ந்ததென்றால், மூடியதன் காரணம் தொழில்நுட்பம் மட்டுமன்று என்பது தெளிவு.

எனவே நமது ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழுதடைந்து எறியப்பட்ட தொலைபேசியொன்றை, பற்றரியைப் பத்திரமாக அகற்றிய பின், வகுப்பறையிலே திறந்து காட்டுங்கள். பௌதிக ஆசிரியர் பளிங்கையும் அலையையும் விளக்கட்டும்; இரசாயன ஆசிரியர் கோபாற்றையும் இலிதியத்தையும் விளக்கட்டும்; சரித்திர ஆசிரியர் மல்வேர்ணையும் ஷிப்றொக்கையும் கொல்வேசியையும் ஸ்ரீபெரும்புதூரையும் தேசப்படத்தில் குறிக்கட்டும். இதனைப் படைத்தவர் யார் என்று அப்பொழுது மாணவரைக் கேளுங்கள். மேடையில் நின்ற ஒருவரின் பெயரை அவர்கள் சொல்லமாட்டார்கள். 'இத்தனை பேர் சேர்ந்து செய்த பொருள் ஏன் சிலருக்கு மட்டும் சொந்தம்?' என்று அவர்களுள் ஒருவர் கேட்பாரேயாயின், அன்றைய பாடம் நன்கு நடந்தது என்று கொள்ளலாம்.